கூட்டினால் ஐந்து

நவம்பர் 11, செவ்வாய்

இது யார் கையில் கிடைத்தாலும் சரி, கெஞ்சிக் கேட்கிறேன், மூடி வைத்துவிடுங்கள். மூட மனம் வரவில்லையென்றால் படியுங்கள். ஆனால் யாரிடமும் காட்டாதீர்கள். முக்கியமாக, மூக்கு நுனியில் கண்ணாடியை வைத்துக்கொண்டு "இது என்ன பாப்பா?" என்று கேட்கும் டாக்டர் மங்கையர்க்கரசியிடம் காட்டவே காட்டாதீர்கள். அவர் என் அம்மா.

நான் நறுமுகை. ஒன்பதாம் வகுப்பு, பி பிரிவு. பள்ளியில் நறுமூட்டை. என் பெயரில் முகை என்றால் மொட்டு என்று யாருக்கும் தெரியாது. மூட்டை என்றால் என்னவென்று எல்லோருக்கும் தெரியும்.

குளியலறையில் வாளியைக் கவிழ்த்துப்போட்டு அதன்மேல் உட்கார்ந்து எழுதுகிறேன். உறையூரில் இருக்கும் எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரே கதவு இதுதான். பேனா கீறும் சத்தம் வெளியே கேட்காமல் இருக்கக் குழாயைக் கொஞ்சமாகத் திறந்து வைத்திருக்கிறேன். தண்ணீர் வீணாகிறது, தெரியும். இன்று செய்த தப்புக்கு முன்னால் அது ஒன்றுமேயில்லை.

அம்மா பல்கலைக்கழகத்தில் பொது சுகாதார ஆராய்ச்சியாளர். பிள்ளைகளுக்கு உடல் பருமன் ஏன் வருகிறது, வராமல் எப்படித் தடுப்பது என்பதுதான் ஆராய்ச்சி. திருச்சியில் இருபத்திரண்டு பள்ளிகளைக் குலுக்கிப்போட்டு எடுத்தார்கள். எங்கள் பள்ளியும் விழுந்துவிட்டது. அதனால் அம்மா எங்கள் பள்ளிப் பக்கமே வருவதில்லை, அவள் குழுவினர்தான் வருவார்கள். நான் அவள் மகள் என்று யாரிடமும் சொல்லக்கூடாது என்றும் கட்டளை. சென்ற ஆண்டு எல்லோருக்கும் எடை பார்த்தார்கள். பிறகு கேன்டீனில் பஃப்ஸுக்குப் பதில் சுண்டல் வந்தது, தண்ணீர் குடிக்கத் தனியாக மணி அடித்தார்கள், எல்லோருக்கும் விளையாட்டு நேரம் கூடியது. இந்த ஆண்டு மறுபடியும் எடை பார்த்து, என்ன மாறியது என்று கண்டுபிடிப்பார்கள்.

இன்று அந்த எடை நாள். குழுவிலிருந்து வந்த அக்கா பக்கத்து அறையில் உயரம் அளந்துகொண்டிருந்தார். மதிய மணிக்குள் முடிக்க வேண்டும் என்று பி.டி. ரெஜினா மிஸ் எடை மெஷினைத் தன் பொறுப்பில் எடுத்துக்கொண்டார்.

"நறுமுகை, உன் எழுத்து அழகா இருக்கும். உட்காரு. நான் சொல்லச் சொல்ல எழுது."

மிஸ்ஸின் குரல் மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டுப் பழகிய குரல். மெஷினில் ஏறியவளின் எடையை மொத்த வரிசைக்கும் கேட்கிற மாதிரி கூவினார். மெஹருன்னிஷா ஏறினாள். என் பக்கத்தில் உட்காருகிற மெஹர்.

"எழுபத்திரண்டு புள்ளி நாலு!"

வரிசையின் பின்னாலிருந்து ஒரு குரல்: "லாரி வருது, வழி விடுங்கடி!"

எல்லோரும் சிரித்தார்கள். மெஹரும் சிரித்தாள். அந்தச் சிரிப்பை எனக்கு நன்றாகத் தெரியும். நானும் அதைத்தான் சிரிப்பேன்.

மிஸ் சொன்னார்: "சிரிக்காதீங்க. சிவப்பு லிஸ்ட் ஒண்ணு போடப் போறேன். அதுல பேர் வந்தா பி.டி. பீரியட்ல பத்து ரவுண்டு ஓடணும். மத்தவங்க த்ரோபால்."

நான் மெஹரின் கட்டத்தில் 48.2 என்று எழுதினேன்.

கை தானாக எழுதியது என்று சொன்னால் பொய். யோசித்துத்தான் எழுதினேன். மெஹருக்கு அடுத்தும் எழுதினேன். தலையைக் குனிந்துகொண்டு வருகிற ஒவ்வொருத்திக்கும் எழுதினேன். மொத்தம் முப்பது பேர்.

நவம்பர் 12, புதன்

ரெஜினா மிஸ் சிவப்பு லிஸ்ட்டுக்கு வேண்டியதைக் குறித்துக்கொண்டதும் தாள் கட்டு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டது. அங்கே வேறு யாரோ கணினியில் ஏற்றுவார்கள். அம்மா என் கையெழுத்தைப் பார்க்காமல் இருக்கட்டும். மலைக்கோட்டைப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய்.

நவம்பர் 21, வெள்ளி

சிவப்பு லிஸ்ட்டைப் படித்தார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து நான்கு பேர். அவ்வளவுதான். அவர்களுக்கு வேறு ஒருத்தி எழுதியிருந்தாள்.

ரெஜினா மிஸ் லிஸ்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "என்னடி இது, போன வருஷம் இத்தனை பேர் இருந்தீங்க?" என்று அவரே கேட்டுவிட்டு, "சுண்டல் வேலை செய்யுது" என்று அவரே பதிலும் சொல்லிக்கொண்டார். நானூறு பேருக்குக் கூவியவருக்கு யாருடைய எண் என்ன ஞாபகம் இருக்கும்?

மெஹர் இன்று த்ரோபால் ஆடினாள். மூன்று முறை பந்தைப் பிடித்தாள். கீழே விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டு, அதையும் ஏதோ பரிசு மாதிரி என்னிடம் காட்டினாள்.

அதற்காகவே இன்னொரு முறை எழுதலாம் என்று தோன்றியது. தோன்றியதை எழுதிவிட்டேன், அடிக்கவில்லை.

டிசம்பர் 3, புதன்

இனிமேல்தான் பயம். இதுவரை பயந்ததெல்லாம் பயமே இல்லை.

அம்மா சாயங்காலம் வந்ததும் பையைக்கூட இறக்காமல் அப்பாவைக் கூப்பிட்டாள். "என்னங்க, ஒரு பள்ளிக்கூடத்துல எடை இறங்கியிருக்குங்க! கொஞ்சநஞ்சமில்ல, மளமளன்னு! மத்த இருபத்தொண்ணுலயும் அசையவே இல்ல. இந்த ஒண்ணு மட்டும்."

"எந்தப் பள்ளி?"

அம்மா என்னைப் பார்த்துச் சிரித்தாள். "அதைச் சொல்லக்கூடாது. ஆனா சிலருக்குப் பெருமையா இருக்கும்."

நான் புத்தகத்தைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டேன்.

அதோடு முடியவில்லை. பல்கலைக்கழகத்தில் உடல் பருமன் தடுப்புப் பிரிவுக்கு முதுநிலை ஆராய்ச்சியாளர் பதவி வந்திருக்கிறது. பிரிவுக்கே தலைமை. அம்மா ஒன்பது வருடமாக அங்கே தற்காலிகம். ஒவ்வொரு ஜூன் மாதமும் "நீட்டிப்பாங்களா?" என்று கேட்டபடியே இருப்பாள். வயது வரம்பின்படி இதுதான் கடைசி முறை. டிசம்பர் 24 அன்று தேர்வுக் குழுவின் முன்னால் அவள் தன் ஆராய்ச்சியைப் பற்றி உரையாற்ற வேண்டும். அந்த உரையின் நடுவில் நிற்கப்போவது எடை இறங்கிய அந்தப் பள்ளி.

அதாவது, என் கையெழுத்து.

டிசம்பர் 7, ஞாயிறு

சுகுணா அத்தை வந்திருந்தார். அப்பாவின் தங்கை. சோபாவில் உட்காருவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டார்.

"அண்ணி, அண்ணன் சொல்லுச்சு. உடம்பைக் குறைக்கச் சொல்லித்தர்ற வேலைக்கா நீங்க போறீங்க? உங்களைப் பார்த்ததும் அவங்க சிரிக்க மாட்டாங்க?"

அம்மா காபியை ஆற்றிக்கொண்டே சொன்னாள்: "கண் டாக்டர் கண்ணாடி போட்டிருந்தா நீ எந்திரிச்சு வந்துருவியா சுகுணா?"

"அது வேற அண்ணி."

"ஆமா, அது வேற. கண்ணாடியைப் பார்த்து யாரும் சிரிக்கிறதில்ல."

அத்தை என் பக்கம் திரும்பினார். "இவ என்ன, உங்களை மாதிரியே வர்றா? எத்தனை கிலோடி இப்ப?"

"தெரியாது அத்தை."

தெரியும்.

போட்டியில் இருக்கும் இன்னொருவர் டாக்டர் ரகோத்தமன் என்று அப்பா சொன்னார். தினமும் சைக்கிளில் வருவாராம். மூங்கில் கழி மாதிரி இருப்பாராம். "அவர் பேரைக் கூட்டினா எட்டு, அதனால வராது" என்றார் அப்பா.

அப்பாவைப் பற்றிச் சொல்லவில்லை, இல்லையா? குணசீலன், பெயிண்ட் கடை. எந்த எண்ணைப் பார்த்தாலும் கூட்டிவிடுவார். பஸ் டிக்கெட், பைக் நம்பர், பாலிதீன் கவரில் அச்சிட்ட எண் எல்லாவற்றையும். எட்டு வந்தால் ஆகாது. ஐந்து வந்தால் தங்கம். ஆங்கிலத்தில் என் பெயரின் கடைசியில் ஒன்றுக்கு இரண்டு ஐ இருப்பது அவர் வேலை. எனக்கும் சின்ன வயதிலிருந்தே அது தொற்றிவிட்டது. பல் துலக்குகிற மாதிரி, கூட்டுகிறேன் என்று தெரியாமலே கூட்டுவேன்.

டிசம்பர் 9, செவ்வாய்

நாளை அரையாண்டுத் தேர்வு ஆரம்பம். தமிழ். எதுவும் மனதில் நிற்கவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

ராத்திரி தோசை. அம்மா ஒரு துண்டுத்தாளோடு வந்து உட்கார்ந்தாள்.

"என்னங்க, இதையெல்லாம் கூட்டிச் சொல்லுங்க."

அப்பாவுக்கு இப்படி ஒரு நாள் வரும் என்று நம்பிக்கையே கிடையாது. கையைத் துடைத்துக்கொண்டு தாளை வாங்கினார்.

"நாப்பத்தெட்டு புள்ளி ரெண்டு. நாலும் எட்டும் பன்னிரண்டு, ரெண்டு பதினாலு. ஒண்ணும் நாலும் அஞ்சு. அம்பத்தொண்ணு புள்ளி எட்டு, அஞ்சு. நாப்பத்தாறு புள்ளி நாலு, அஞ்சு. நாப்பத்தொன்பது புள்ளி ஒண்ணு... இதுவும் அஞ்சு! அம்பது புள்ளி சைபர், சொல்லவே வேணாம். அரசி, எல்லாமே அஞ்சுதான்! யாரு இவ்வளவு ராசியான ஆளு?"

"தெரியல. ராசியான ஆளா, பயந்த ஆளான்னு" என்றாள் அம்மா, தட்டைப் பார்த்துக்கொண்டு.

அம்மா எதற்காக அதைக் கேட்டாள் என்று புரியவில்லை. ஏதாவது கணக்காக இருக்கும். ஆபீஸ் விஷயம். எனக்கு இரண்டாவது தோசை இறங்கவில்லை, சட்னியில் காரம் அதிகம்.

டிசம்பர் 13, சனி

அம்மா இன்று ஒன்றும் கேட்கவில்லை. தலை வாரிவிட்டாள். ஐந்தாம் வகுப்புக்குப் பிறகு அவள் எனக்குத் தலை வாரிவிட்டதே இல்லை.

டிசம்பர் 14, ஞாயிறு

சொல்லிவிட்டேன்.

காய்கறி வாங்க அம்மாவோடு ஸ்கூட்டரில் காந்தி மார்க்கெட் போனேன். பின்னால் உட்கார்ந்தால் அவள் முகம் தெரியாது. அதனால்தான் அங்கே சொல்ல முடியும் என்று நினைத்தேன். ஆனால் தெப்பக்குளம் அருகே ஒரு பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது.

"அம்மா, நான்தான்."

"என்னது?"

"நான்தான்மா."

"கேட்கல, சத்தமா சொல்லு!"

"நான்தான் எடையை மாத்தி எழுதினேன்!"

அந்த நொடியில் பஸ் ஹாரனை நிறுத்திவிட்டது. என் குரல் மட்டும் ரோடு முழுவதும் கேட்டது. பக்கத்தில் நின்ற ஆட்டோக்காரர் திரும்பிப் பார்த்தார். "விடும்மா பாப்பா. இந்த மார்க்கெட்ல எல்லாரும் பண்றதுதான்."

அம்மாவின் முதுகு குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். சிரிப்பு.

இளநீர்க்காரரிடம் வண்டியை நிறுத்தி இரண்டு வெட்டச் சொன்னாள்.

"எத்தனை பேருக்கு?"

"முப்பது பேருக்கும்மா."

"முப்பத்தொண்ணு."

நான் இளநீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்த நோட்டிலும் நான் முப்பது என்றுதான் எழுதியிருக்கிறேன். எல்லோரும் போனபிறகு கடைசியாக நானே மெஷினில் ஏறினேன். மிஸ் கையெழுத்துப் போடப் போயிருந்தார். என் எண்ணை யாரும் கூவவில்லை. நான் மட்டும் பார்த்தேன். பார்த்துவிட்டு, என் கட்டத்தில் 50.0 என்று எழுதினேன்.

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"வெள்ளிக்கிழமை. போன வருஷத்தைவிட ரொம்ப இறங்கினவங்களைத் தனியா எடுத்துப் பார்த்தேன். அத்தனை எண்ணும் ஒரே மாதிரி ஏதோ பண்ணுது. என்னன்னு பிடிபடல. கடைசில உங்க அப்பா மாதிரி கூட்டிப் பார்த்தேன். இந்த ஊர்ல எடைக்கு ராசி பார்த்து எழுதுற கை வேற யாருக்கு இருக்கு?"

"மாத்துறதுன்னு ஆச்சு, நல்ல எண்ணா குடுக்கலாமேன்னு..."

"எல்லாருக்கும் தங்கமா குடுத்திருக்க."

"ஏம்மா அன்னைக்கே என்னைக் கேட்கல?"

"கேட்டிருந்தா 'ஆமா'ன்னு மட்டும் சொல்லியிருப்ப. நீயா சொன்னாத்தான் ஏன்னு சொல்லுவ. ஏன்னு சொல்லு."

சொன்னேன். கூவுவதை, லாரியை, சிவப்பு லிஸ்ட்டை. மெஹர் சிரித்த சிரிப்பைச் சொல்லும்போதுதான் அழுகை வந்தது. அம்மா இளநீரைக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தாள்.

"தனி அறைல, கதவைச் சாத்திட்டு, ஒவ்வொருத்தரா பார்க்கணும்னு நான் எழுதிக் குடுத்திருந்தேனே?"

"யாரும்மா அதெல்லாம் படிக்கிறாங்க? அது மட்டுமில்ல. எடை நாள்னு முதல் நாள் சாயங்காலமே தெரிஞ்சுரும். மறுநாள் பாதிப் பேருக்கு வயித்து வலி."

"என்ன சொன்ன?"

"லீவு போட்டுருவாங்க. போன வருஷம் நானும் முதல்ல போடலாம்னு இருந்தேன். நீ காய்ச்சல் பார்த்துட்டு, ஒண்ணுமில்ல போன்னு அனுப்பிட்ட."

அம்மா இளநீர்க்காரரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "வராதவங்க" என்றாள். பிறகு மறுபடியும், தனக்குத்தானே: "வராதவங்களை நான் காலிக் கட்டமா விட்டுட்டேன் பாப்பா. இருபத்திரண்டு பள்ளிலயும்."

வண்டியை எடுக்கும்போது கேட்டேன்: "இப்ப என்னம்மா பண்ணுவ?"

"உங்க பள்ளியை எடுத்துருவேன். பொய்யான எண்ணை வெச்சுக்கிட்டுப் பேச முடியாது."

"எடுத்துட்டா எடை எங்கேயுமே இறங்கலன்னு ஆயிடுமே."

"ஆயிடும்."

"என்னால உன் வேலை போச்சாம்மா?"

"இன்னும் கிடைக்கவே இல்ல. கிடைக்காதது எப்படிப் போகும்? கத்திரிக்காய் வாங்கணும், ஞாபகப்படுத்து."

கத்திரிக்காயை இரண்டு பேருமே மறந்துவிட்டோம்.

டிசம்பர் 16, செவ்வாய்

அம்மா இருபத்தொரு பள்ளிகளின் வருகைப் பதிவேட்டைக் கேட்டு ஃபோன் மேல் ஃபோன் போடுகிறாள். நான் கணக்குப் பரீட்சை எழுதினேன். கூட்டலில் தப்பு இருக்காது.

டிசம்பர் 19, வெள்ளி

சாப்பாட்டு மேசை முழுக்கப் பதிவேட்டு நகல்கள். அப்பா சோற்றுத் தட்டை டிவி மேல் வைத்துவிட்டு நின்றுகொண்டே சாப்பிடுகிறார். "நல்ல முடிவு கையில இருந்துச்சு, அதைத் தூக்கிப் போட்டுட்டாளே" என்று என்னிடம் குசுகுசுத்தார். நான் காரணம் சொல்லவில்லை. அம்மாவும் சொல்லவில்லை.

படுக்கப் போகும்முன் அம்மா கேட்டாள்: "உன் பேரைச் சொல்ல மாட்டேன். ஆனா நடந்ததைச் சொல்லலாமா?"

"சொன்னா உன்னைத் திட்டுவாங்களா?"

"திட்டலாம்."

"அப்ப என்னத்துக்கும்மா?"

"சொல்லலைன்னா அடுத்த வருஷமும் கூவுவாங்க."

சரி என்றேன். இப்போது இங்கே வாளிமேல் உட்கார்ந்து, ஏன் சரி என்றேன் என்று என்னையே கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

டிசம்பர் 24, புதன்

மெதுவாக எழுத வேண்டும். ஒன்றும் விட்டுப்போகக் கூடாது.

உரையை யார் வேண்டுமானாலும் கேட்கலாமாம். விடுமுறை விட்டாயிற்று, அதனால் அப்பாவும் நானும் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். 24 கூட்டினால் ஆறு, பரவாயில்லை என்றார் அப்பா. முன்வரிசையில் ஐந்து பேர் கொண்ட குழு. பக்கவாட்டில் டாக்டர் ரகோத்தமன். நிஜமாகவே மூங்கில் கழிதான். அவர் காலையிலேயே பேசி முடித்திருந்தார்.

அம்மா நீல நிறச் சுங்குடிப் புடவை கட்டியிருந்தாள். மேடையில் ஏறும்போது படி கிறீச்சிட்டது. யாரோ தொண்டையைச் செருமினார்கள். என் காது சூடானது.

அம்மா ஆரம்பித்தாள். "மூணு வாரத்துக்கு முன்னாடி என்கிட்ட ஒரு வெற்றி இருந்தது. இன்னைக்கு இல்லை. அது எப்படிப் போச்சுங்கிறதுதான் என் உரை."

அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். உண்மையில் நான்தான் அவர் கையைப் பிடித்தேன்.

ஒரு பள்ளியில் ஒரு மாணவி முப்பத்தொரு பேரின் எடையை மாற்றி எழுதினாள் என்றாள். அத்தனை எண்ணையும் கூட்டினால் ஐந்து வந்தது என்றாள். அரங்கத்தில் சிரிப்பு. அப்பா சிரிக்கவில்லை. மெல்லத் திரும்பி என்னைப் பார்த்தார். நான் மேடையை மட்டும் பார்த்தேன். அவர் கையை விடவில்லை, இன்னும் இறுக்கினார்.

"அந்தப் பொண்ணு தப்புப் பண்ணினா. ஆனா அவளுக்கு முன்னாடி நான் தப்புப் பண்ணினேன். எடைன்னு ஒரு கட்டம் போட்டேன். அந்தக் கட்டத்துக்குள்ள எண் எப்படி வந்து சேருதுன்னு போய்ப் பார்க்கல."

பிறகு திரையில் ஒரு படம். மற்ற இருபத்தொரு பள்ளிகளிலும் சாதாரண நாளில் நூற்றுக்கு ஐந்து பேர் வராமல் இருப்பார்கள். எடை நாளில் பதினாறு பேர். வராதவர்களில் முக்கால்வாசிப் பேர், அதற்கு முந்தைய ஆண்டு எடை கூடுதலாக இருந்தவர்கள்.

"நாம யாருக்காக இந்தத் திட்டத்தைப் போட்டோமோ, அவங்கதான் நம்மைப் பார்த்து ஓடுறாங்க. சுண்டல் வேலை செஞ்சுதா, விளையாட்டு வேலை செஞ்சுதான்னு எனக்குத் தெரியாது. யாருக்குமே தெரியாது. முதல்ல அந்தப் பிள்ளைங்க பயப்படாம மெஷின்மேல ஏறணும். இந்தப் பதவியை எனக்குக் குடுத்தா, நான் முதல்ல செய்யப்போறது அதுதான்."

குழுவில் இருந்த வயதான பேராசிரியர் ஒருவர் ஒலிவாங்கியைக் கேட்டு வாங்கினார்.

"அம்மா, தப்பா எடுத்துக்கக் கூடாது. இந்தப் பதவியில இருக்கிறவங்க மத்தவங்களுக்கு ஒரு முன்மாதிரியா இருக்க வேண்டாமா?"

எதைக் கேட்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்தது. மேடையில் மெஹர் நிற்கிற மாதிரி இருந்தது. நான் நிற்கிற மாதிரி இருந்தது. அம்மா அந்தச் சிரிப்பைச் சிரிக்கப் போகிறாள் என்று பயந்தேன்.

அம்மா சிரிக்கவில்லை.

"என் எடை எண்பத்தொன்பது புள்ளி ஆறு கிலோ, ஐயா. இப்படி மரியாதையா கேட்டா சொல்லுவேன். பன்னிரண்டாவது படிக்கும்போது இதையே ஒருத்தர் வரிசை முன்னாடி கூவினார். அதுக்கப்புறம் பதினோரு வருஷம் நான் எந்த டாக்டர்கிட்டயும் போகல. சர்க்கரை வந்தது தெரியாமலே இருந்தேன். அந்தப் பதினோரு வருஷம் யாருக்கும் வரக்கூடாது. அதுக்கு முன்மாதிரியா இருக்க முடியும்னு நினைக்கிறேன்."

அந்த அமைதியில், கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல், அடக்க முடியாமல்:

"எண்பத்தொன்பது புள்ளி ஆறு... அஞ்சு! அரசி, அஞ்சு!"

அரங்கமே திரும்பிப் பார்த்தது. நான் நாற்காலிக்குக் கீழே போய்விட்டேன். முதலில் சிரித்தது டாக்டர் ரகோத்தமன். முதலில் கைதட்டியதும் அவர்தான். கேள்வி கேட்ட பேராசிரியர் ஒலிவாங்கியைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்.

அம்மாவுக்குச் சர்க்கரை இருப்பது எனக்குத் தெரியும். அந்தப் பதினோரு வருடம் எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வரும் வழியில் அப்பா என்னிடம் ஒன்றுதான் கேட்டார். "உனக்கும் அஞ்சுதான் போட்டுக்கிட்டியா?" ஆமாம் என்றேன். "நல்லது" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

ஜனவரி 9, வெள்ளி

கிடைத்துவிட்டது!!!

முதுநிலை ஆராய்ச்சியாளர், உடல் பருமன் தடுப்புப் பிரிவு. டாக்டர் க. மங்கையர்க்கரசி. நிரந்தரம். இனி ஜூன் மாதம் வெறும் ஜூன் மாதம்தான்.

அம்மா ஆணையை அப்பாவிடம் நீட்டினாள். அப்பாவின் கண் நேராக ஆணை எண்ணுக்குப் போனது. 2276. உதடு அசைந்தது. பதினேழு. எட்டு.

நானும் அம்மாவும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம். அப்பா இன்னொரு முறை கூட்டிப் பார்த்தார்.

"எட்டுன்னா சனி" என்றார். "சனி உழைக்கிறவங்களைக் கைவிட மாட்டாரு. நல்ல எண்தான்."

சுகுணா அத்தை ஃபோனில் வாழ்த்தினார். "அண்ணி, ஆபீஸ்ல ஸ்வீட் குடுப்பீங்களா, சுண்டல் குடுப்பீங்களா?" அம்மா ஸ்பீக்கரில் போட்டு, "உனக்கு ரெண்டும்" என்றாள்.

ஜனவரி 12, திங்கள்

பொங்கல் லீவுக்கு முன் கடைசி நாள். எங்கள் பள்ளியில் இன்று மறுபடியும் எடை நாள்.

காலையில் ரெஜினா மிஸ் என்னை ஆசிரியர் அறைக்குக் கூப்பிட்டார். பழைய தாள் செல்லாது என்று பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வந்திருந்ததாம். யார் எழுதியது என்று அவருக்குத் தெரியாதா?

"நீதானா?"

"ஆமா மிஸ்."

மிஸ் கதவைப் பார்த்தார். ஆளில்லை. குரலை இறக்கினார். அந்தக் குரல் இறங்கும் என்பதே இன்றுதான் தெரிந்தது.

"நான் கூவினதாலயா?"

தலையை ஆட்டினேன்.

கொஞ்ச நேரம் விசில் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒரு நாப்பத்தெட்டு போட்டிருக்கக் கூடாதாடி?" என்றார். "போ. சிவப்பு லிஸ்ட் கிடையாது. எல்லாருக்கும் த்ரோபால்."

இன்றைய ஏற்பாடு என் யோசனை. இதை எழுதும்போது பெருமை வருகிறது, வரட்டும். மாணவர் தலைவர் தேர்தலுக்குச் செய்த அட்டை வாக்குச்சாவடி ஸ்டோர் ரூமில் தூசி படிந்து கிடந்தது. அதற்குள் மெஷினை வைக்கலாமே என்று அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஒவ்வொருத்தியாக உள்ளே போவாள். ஏறுவாள். தன் எண்ணைத் தானே பார்ப்பாள். மெஷின் அதைத் தானாகவே பதிந்துகொள்ளும், யாரும் எழுத வேண்டாம், மாற்றவும் முடியாது. பெயர் இல்லை, குறியீடு மட்டும்.

மெஹர் அதற்கு எடைச்சாவடி என்று பெயர் வைத்துவிட்டாள். வெளியே வரும்போது விரலை நீட்டி, "மை வைங்க!" என்றாள். குழுவிலிருந்து வந்த அக்கா சிரித்துக்கொண்டே பேனாவால் ஒரு புள்ளி வைத்தார். அவ்வளவுதான், எல்லோருக்கும் மை வேண்டும். வரிசை வாசல்வரை போயிற்று. லாரி என்று கத்தியவள்கூட விரலை நீட்டினாள்.

இன்று பள்ளி முழுவதிலும் வராதவர்கள் ஏழே பேர். அதில் இரண்டு பேருக்கு நிஜமாகவே அம்மை.

சுண்டலால் எடை இறங்கியதா என்று இனிமேல்தான் தெரியும். அதிசயம் எதுவும் இருக்காது என்கிறாள் அம்மா. "இல்லாட்டி என்ன, எண் நிஜமா இருக்குல்ல?"

கடைசியில் ரெஜினா மிஸ் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, தானும் சாவடிக்குள் போனார். ரொம்ப நேரம் வெளியே வரவில்லை. வந்ததும், "யாரும் கேட்கக் கூடாது" என்றார். யாரும் கேட்கவில்லை. விரலை மட்டும் நீட்டினார்.

நான் போனபோது உள்ளே கொஞ்சம் இருட்டாக, அட்டை வாசனையாக இருந்தது. ஏறினேன். யாரும் சிரிக்கவில்லை, நானும் சிரிக்கவில்லை. பார்த்தேன். இந்த நோட்டில் இவ்வளவு பக்கம் எழுதியும் எழுதாத ஒன்றை இப்போது எழுதுகிறேன்.

68.3.

ஆறும் எட்டும் பதினாலு, மூன்று பதினேழு. எட்டு. இருக்கட்டும். இது என்னுடையது.

ஐயோ, குழாயைத் திறக்க மறந்திருக்கிறேன். இவ்வளவு நேரமும் பேனா சத்தம் வெளியே கேட்டிருக்கும். யாரோ கதவைத் தட்டுகிறார்கள். அப்பா என்றால் படபடவென்று தட்டுவார். இது மெதுவாக, மூன்று முறை. கொஞ்சம் நிறுத்தி, இன்னும் இரண்டு முறை. மூன்றும் இரண்டும் கூட்டினால்